ஆக்ஸ்ஃபோர்டில் மக்கள் அடைத்து வைக்கப்படவில்லை

‘இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு நகரம் மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, அனுமதியின்றி 15 நிமிட தூரத்தைத் தாண்டிச் செல்வோருக்கு அபராதம் விதிக்கப்படுகிறது’ என்று 2022 இறுதியில் கிளம்பிய செய்தி இன்னும் பகிரப்பட்டு வருகிறது. இது தவறு.

இரண்டு தனித்தனித் திட்டங்கள் இதில் ஒன்றாகக் குழப்பப்பட்டுள்ளன. கடை, பள்ளி, மருத்துவம் போன்ற அன்றாடத் தேவைகள் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் கிடைக்க வேண்டும் என்பது நகர மன்றத்தின் ‘15 நிமிட’ யோசனை. அதில் தடையோ அபராதமோ கிடையாது. மற்றொன்று, நெரிசலைக் குறைத்துப் பேருந்துகளை விரைவுபடுத்த, ஆறு சாலைகளில் கேமராக்களை வைத்துச் சோதித்துப் பார்க்க மாவட்ட மன்றம் 2022 நவம்பரில் ஒப்புதல் அளித்த திட்டம். குறிப்பிட்ட நேரங்களில் அந்த ஆறு இடங்களைத் தனியார் கார்கள் கடக்கக் கூடாது என்பதே அதன் விதி. பேருந்து, டாக்சி, சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஆகியவற்றுக்குத் தடையில்லை; நடப்பவர்களைப் பற்றிய பேச்சே அதில் இல்லை. நகரவாசிகள் அனுமதி பெற்று ஆண்டுக்கு 100 நாட்கள் வரை காரிலேயே கடக்கலாம். மற்ற நாட்களில் வெளிவட்டச் சாலை வழியாக நகரின் எந்தப் பகுதிக்கும் போகலாம், சற்றுச் சுற்று என்பதுதான் சிரமம்.

அந்தச் சுற்றுப் பயணத்தையும் வணிகர்களின் கவலையையும் முன்வைத்து எதிர்ப்பது நியாயமான விவாதம். சிறைவாசம் என்பது கற்பனை. இரு மன்றங்களும் 2022 டிசம்பரில் கூட்டாக மறுப்பு வெளியிட்டன. திட்ட விவரங்களை ஆக்ஸ்ஃபோர்டுஷயர் மாவட்ட மன்றத்தின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால், தயவுசெய்து மேலும் பகிர வேண்டாம்.