றோஸ் பணிஸ் விற்ற காசு

போன ஒக்டோபரில், கிளிநொச்சியில் எங்கள் கடைக்கு எதிர்ப்பக்கம் இருக்கிற பேக்கரியில் றோஸ் ஐசிங் பூசிய பணிஸ் விற்றார்கள். ஒரு பணிஸுக்குப் பத்து ரூபா மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சிக்காம். பக்கத்துப் பார்மசியில் பால்மா ரின்னுக்கு றோஸ் தாள் சுற்றி மேசையில் வைத்திருந்தார்கள். நான் வைத்திருப்பது சின்னத் தையல் கடை. என்னிடமும் வந்தார்கள், ஆயிரம் ரூபா கொடுத்தேன். பற்றுச்சீட்டு தரவில்லை, நானும் கேட்கவில்லை.

துணி தைக்கக் கொடுக்க வந்த ஒரு அண்ணைதான் கேட்டார்: "எங்கட சனத்துக்கு மருந்து வாங்கவே காசில்லை. ஆராய்ச்சிக்கு ஏன் தங்கச்சி குடுக்கிறியள்? அதுக்கு வெள்ளைக்காரன் இருக்கிறான்தானே."

நியாயமான கேள்வி. நாலு வருசத்துக்கு முன் என்றால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

என் சித்தி புதுக்குடியிருப்பில் இருக்கிறா. இடது மார்பில், அக்குளுக்குக் கிட்ட, புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி. ஒன்றரை வருசம் யாரிடமும் சொல்லவில்லை. வெட்கத்தாலும் இல்லை, பயத்தாலும் இல்லை. "அது அப்ப பட்ட பீஸ் பிள்ளை, இப்பதான் மேல வருது எண்டு நினைச்சன்" என்றா. தோளில் ஏற்கெனவே யுத்தத்தில் பட்ட இரண்டு செல் பீஸ், அதாவது குண்டுச் சிதறல், இருக்கிறது, மாரி காலத்தில் உளையும். மூன்றாவதையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துவிட்டா. 35 வயதில் பெண்களைப் பரிசோதனைக்கு வரச்சொல்கிற வெல் வுமன் கிளினிக் பக்கம் அவ ஒருநாளும் போனதில்லை. கூலி வேலைக்குப் போகிறவ, ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு எப்படிப் போவா?

மிட்வைஃப் மிஸ்ஸி வேறு அலுவலாக வீட்டுக்கு வந்தபோதுதான் விசயம் பிடிபட்டது. பிறகு பரந்தன் சந்தியில் பஸ் மாறி மாறித் தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரி. துண்டெடுத்துச் சோதித்த றிப்போட்டில் "ஹெர் 2 பொசிற்றிவ்" என்று இருந்தது, ஹெர் 2 என்ற புரதம் கூடுதலாக இருக்கிற புற்றுநோய் வகை. எழுதிக்கொடுத்த மருந்து ட்ராஸ்டுசுமாப்.

அந்த மருந்தின் கதையைத் தேடி வாசித்தபோதுதான் அண்ணையின் கேள்விக்குப் பதில் கிடைத்தது. கலிபோர்னியாவில் டெனிஸ் ஸ்லாமன் என்ற டொக்டர் இந்த வகைப் புற்றுநோயை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, மருந்துக் கம்பனியே அரைமனதோடுதான் இருந்ததாம். காசோடு வந்தது ரெவ்லோன், லிப்ஸ்டிக் விற்கிற கம்பனி. 1998 இல் மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2015 இல் உலக சுகாதார நிறுவனம் அதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. எங்கேயோ லிப்ஸ்டிக் விற்ற காசில் ஒரு துளி, சித்தியின் கையில் ஏறின சேலைன் வரைக்கும் வந்திருக்கிறது.

ஆனபடியால் கடைக்காரர் ஆராய்ச்சிக்குக் கொடுப்பதை நான் நக்கலடிக்க மாட்டேன். கணக்குக் கேட்காமல் கொடுப்பதுதான் உறுத்துகிறது. அதில் முதல் ஆள் நான்.

மார்பகப் புற்றுநோய்க்கு அடையாளமாகக் குத்துகிற றோஸ் ரிபனே ஒரு கணக்குக் கேள்வியில் தொடங்கினதுதான். சார்லட் ஹேலி என்ற அமெரிக்க அம்மா வீட்டிலிருந்து பீச் பழ நிறத்தில் ரிபன் செய்து, கூடவே ஒரு அட்டையும் வைத்துக் கொடுத்தா. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் காசில் ஐந்து வீதம்தான் நோயைத் தடுக்கிற வேலைக்குப் போகிறது என்று அட்டையில் இருந்தது. ஒரு சஞ்சிகையும் அழகுசாதனக் கம்பனியும் அந்த ரிபனைக் கேட்டபோது, வியாபாரமாக்கிப் போடுவீர்கள் என்று மறுத்துவிட்டா. அவர்கள் நிறத்தை மாற்றிக்கொண்டார்கள். 1992 இல் றோஸ் வந்தது, அந்த அட்டை வரவில்லை.

எங்கட சனத்துக்குக் கணக்குக் கேட்கத் தெரியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். கோயில் பொதுக்கூட்டத்துக்கு ஒருக்கால் வந்து பாருங்கள். கற்பூரம் வாங்கின 250 ரூபாவுக்குப் பில் இல்லை என்று பொருளாளரை இரண்டு மணித்தியாலம் வறுத்தெடுப்பார்கள். அதே ஆட்கள் றோஸ் ரின்னுக்குள் நூறு ரூபாவைப் போட்டுவிட்டுப் பேசாமல் போகிறார்கள். கேட்டால் "கொழும்புக்குப் போகுதாம்". 2011 இல் தெற்குக் கரைத் தேவேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை சனம் நடந்து சேர்த்த காசு தெல்லிப்பழையில் ஆஸ்பத்திரியாக நிற்கிறது, போய்த் தொட்டுப் பார்க்கலாம். ஆராய்ச்சியை அப்படித் தொட்டுப் பார்க்க முடியாது. அதனால் இன்னும் கூடத்தான் கேட்க வேண்டும்.

சரி, என்ன ஆராய்ச்சி? என்னைக் கேட்டால், எங்கட கேள்விகள். கட்டியைப் பீஸ் என்று நினைத்து வீட்டில் இருக்கிற பெண்கள் எத்தனை பேர்? உடம்புக்குள் இரும்பு இருந்தால், காந்தத்தால் எடுக்கிற எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுக்கத் தயங்குவார்கள், அப்படியானவர்களுக்கு வேறு என்ன வழி? வெள்ளைக்காரனுக்கு இந்தக் கேள்வி வராது, வராததில் பிழையும் இல்லை. யாழ்ப்பாணத்தில் மருத்துவபீடம் இருக்கிறது. வீடு வீடாகப் போகிற மிஸ்ஸிமார் இருக்கிறார்கள். முதல் கேள்விக்கு ஆய்வுகூடம்கூடத் தேவையில்லை, கேள்விக்கொத்தும் மோட்டச்சைக்கிளுக்குப் பெற்றோலும் போதும். இருபது கடை சேர்ந்தால் முடிகிற காசு.

இந்த முறை பணிஸ் வந்தபோது பேக்கரி முதலாளியிடம் கணக்கைக் கேட்டேன். முகம் சுருங்கிப்போனது. "என்னைக் கள்ளன் எண்டுறியளோ தங்கச்சி?"

"இல்லை அண்ணை, கோயில் கணக்குப்போல ஒட்டிவிடுங்கோ" என்றேன்.

மாதம் முடிய, பணிஸ் அடுக்குகிற கண்ணாடிப் பெட்டியில் ஒரு கொப்பித் தாள் ஒட்டியிருந்தது. விற்ற பணிஸ் 412, காசு 4,120 ரூபா, பக்கத்தில் வங்கிச் சிலிப்பின் போட்டோக்கொப்பி. அன்று பின்னேரமே ஒரு ஐயா அதற்கு முன்னால் நின்று, தான் வாங்கின ஆறு பணிஸும் இதற்குள் சேர்ந்ததோ இல்லையோ என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்.