போலக்ஸின் கோளை யாரும் பார்த்ததில்லை

போலக்ஸ் என்ற விண்மீனைச் சுற்றும் கோளைப் பற்றி ஒரு கட்டுரை படித்தேன். நன்றாக இருக்கிறது, ஆனால் அதன் மேலே இருக்கும் படத்தைப் பார்த்தால் அந்தக் கோளை யாரோ தொலைநோக்கியில் படம் பிடித்துவிட்டார்கள் என்றே பலரும் நினைப்பார்கள், ஓவியம் என்று கீழே ஒரு வரி போட்டிருக்கலாம். அந்தக் கோளை இதுவரை யாரும் நேரில் பார்த்ததில்லை. விண்மீனின் நிறமாலைக் கோடுகள் (அதன் ஒளியை நிறங்களாகப் பிரித்தால் தெரியும் கோடுகள்) கொஞ்சம் நீலப் பக்கம், கொஞ்சம் சிவப்புப் பக்கம் என்று சுமார் 590 நாளுக்கு ஒரு சுற்று ஆடுகின்றன, அதை வைத்துத்தான் வியாழனைவிடக் குறைந்தது இரண்டு மடங்கு நிறையுள்ள ஒன்று அதை இழுக்கிறது என்று 2006-ல் சொன்னார்கள். இப்படி இழுபட்டு விண்மீன் முன்னும் பின்னும் ஆடும் வேகம் வினாடிக்கு 40 மீட்டர் சொச்சம். நெடுஞ்சாலையில் பறக்கும் கார் வேகம்தான், அதை 34 ஒளியாண்டு தள்ளியிருந்து பிடித்திருக்கிறார்கள்!

அப்புறம், போலக்ஸ் சூரியனைப் போல ஒன்பது மடங்கு ஊதிப்போன ராட்சத விண்மீன். இந்த மாதிரி விண்மீனின் மேற்பரப்பில் புள்ளிகள் இருந்து அது மெதுவாகச் சுழன்றாலும் கோடுகள் ஆடுவதுபோலத் தெரியலாம். அப்படிப் புள்ளிகளை உண்டாக்கக்கூடிய மெல்லிய காந்தப்புலம் போலக்ஸில் இருப்பதும் தெரிந்துவிட்டதால், கோள் நிஜமா என்று கேட்பவர்கள் உண்டு. கட்டுரையில் இதைப் பற்றி மூச்சே இல்லை.

சரி, விண்மீனையாவது பாருங்கள். மிதுனத்தில், நம் புனர்பூசத்தில், பக்கத்துக் காஸ்டர் வெள்ளையாக இருக்கும், இது லேசான ஆரஞ்சு. பைனாகுலரின் ஃபோகஸைச் சற்றே கலைத்துப் பார்த்தால் நிற வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.