41 வரைக்கும் கேட்டவருக்கு

மொரீஷியஸ் ரோஸ் ஹில்லில் சனிக்கிழமை நம்ம மெட்டல் பையன்கள் தவிலையும் ரவானையும் (ஆட்டுத்தோல் கைப்பறை) சேர்த்து வாசிச்ச நிகழ்ச்சி வீடியோவும் பார்த்தாச்சு, அதுக்குக் கீழே நடந்த அர்ச்சனையும் படிச்சாச்சு. "தாளம் தப்பிடுச்சு", "தவிலை அசிங்கப்படுத்திட்டாங்க", "வெறும் தாபாஜ்", அதாவது கிரியோலில் வெறும் இரைச்சல். நல்லது. அன்னைக்குத் தப்பினது தாளம் இல்லை சாமி, மிக்ஸ், அதாவது ஒலிகளைக் கலந்து கொடுத்த விதம்.

மூணாவது பாட்டை எடுத்துக்குங்க. ரவான் நம்ம தீவோட செகா இசை நடையில 6 துடிப்பு. கித்தார் 'தகிட தகதிமி', 7. ஒண்ணா கிளம்பினா மறுபடி ஒரே இடத்தில் விழ 42 துடிப்பு ஆகும். ரவானுக்கு ஏழு சுற்று, கித்தாருக்கு ஆறு. நடுவில் ஒண்ணை ஒண்ணு துரத்திக்கிட்டே இருக்கும், பாட்டே அதுதான். நம்ம விமர்சகர் 41 வரைக்கும் கேட்டுட்டு எழுதிட்டார். ஸ்வீடனின் மெட்டல் குழு மெஷுகா சிம்பல் தட்டை நாலில் நிறுத்திட்டு கித்தாரை ஒற்றைப்படையில் சுழலவிட்டா மேதைங்க. நம்ம தவில்காரர் கோயில் வாசலில் அதே மாதிரி கணக்குப் போட்டுக் கோர்வை வச்சா கூலிக்கு வந்தவர்.

சரி, மிக்ஸுக்கு வர்றேன். தவிலுக்கு ஒரே ஒரு மைக், அதுவும் முன்னாடி நடுவில். தவிலுக்கு முகம் ரெண்டு. வலந்தலையில் (வலது முகம்) விரல்கூடு அடிக்கிற சுள்ளுனு ஒரு சத்தம், தொப்பியில் (இடது முகம்) பூவரசங்குச்சி எழுப்புற அடிநாதம். முகத்துக்கு ஒரு மைக் வேணும். வச்ச பிறகு ஒண்ணுக்கு பொலாரிட்டியை (ஒலி அலையோட ஏற்ற இறக்கத்தை) தலைகீழாத் திருப்பியும் கேட்டுப் பார்க்கணும், இல்லேன்னா ரெண்டு மைக்கும் அடிநாதத்தை ஒண்ணுக்கொண்ணு தின்னுடும். ஏழு தந்திக் கித்தாரோட கீழ்த்தந்தி 62 ஹெர்ட்ஸுக்குப் போகுது. அதை 90 ஹெர்ட்ஸ் பக்கத்தில் வெட்டி, அதுக்குக் கீழே இருக்கறதை பேஸ் கித்தாருக்கு விட்டுட்டா தொப்பிக்கு மூச்சு கிடைக்கும். மேலே 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் கித்தாரை 2, 3 டெசிபல் இறக்கினா விரல்கூடு தனியா தெரியும். அன்னைக்கு இது எதுவும் நடக்கலை. மேடை ஸ்பீக்கர் 'கீங்'னு கத்தினதும் ஒலிக்காரர் செஞ்ச ஒரே வேலை, தவிலோட ஃபேடரை (ஒலி அளவுப் பிடியை) கீழே இழுத்தது. அதோட சின்னச் சத்தத்தை அடைச்சுடற 'கேட்' வேற போட்டிருந்தார். மென்மையா வாசிச்ச சொல்லெல்லாம் அதில் அடைபட்டுப்போச்சு. வீடியோவில் பாருங்க, தவில்காரர் கை பறக்குது, சத்தம் மட்டும் இல்லை.

ரவான் கதை இன்னும் மோசம். ஆட்டுத்தோல் ஈரக்காற்றில் தொய்ஞ்சுடும், நெருப்பில் காட்டினாத்தான் விறைக்கும். அரங்கத்துக்குள்ள நெருப்பு கூடாதுன்னா பக்கத்தில் ஒரு ஹேர் டிரையராவது வேணும், இல்லேன்னா செயற்கைத்தோல் ரவான். ரெண்டும் இல்லாம நாலாவது பாட்டில் அது பொத்துபொத்துன்னு கேட்டா, அதுக்கும் மெட்டல்தான் காரணமா?

"சத்தம் அதிகம்." ஆமாம், அந்தச் சின்ன அரங்கத்துக்கு அதிகம்தான். ஒத்துக்கறேன்.

"பாடகர் உறுமுறது ஒரு வார்த்தை புரியலை." தேவாரம் நம்மில் எத்தனை பேருக்குப் புரியுது? கண்ணை மூடிக்கிட்டுக் கேட்கலையா?

"கோயில் வாத்தியத்தை அங்க ஏன் கொண்டு போகணும்?" இதுதான் உறுத்துது. பிரேசில் மெட்டல் குழு ஆங்க்ரா 1996லேயே 'ஹோலி லேண்ட்' இசைத்தட்டில் தன் நாட்டுத் தாளங்களை மெட்டலுக்குள் கொண்டுவந்தாச்சு. நம்ம பாடகர் காயா செகாவையும் ரெகேவையும் சேர்த்ததுதான் செக்கே, இன்னைக்கு அதை அந்நியம்னு சொல்ல யாருக்கு வாய் வரும்? அடிமைகள் பாட்டுன்னு ஒதுக்கின அதே செகா 2014இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறினதும் எல்லாருக்கும் சொந்தமாயிடுச்சு. தவில் மட்டும் கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கணுமாம். கல்யாணத்தில் ஒருத்தர் விரலை ஆட்டினதும் கெட்டிமேளம் காதைக் கிழிக்குது, அப்போ யாரும் டெசிபல் பேசறதில்லை. தாலி கட்டினதும் எல்லாரும் சாப்பாட்டுக்குப் போயிடறாங்க, தவில்காரர் காலி நாற்காலிக்கு வாசிச்சுக்கிட்டிருக்கார். அந்த மனுஷனைப் பேர் சொல்லி மேடைக்குக் கூப்பிட்டு, நடுவில் உட்காரவச்சு, எட்டு நிமிஷம் தனி கொடுத்தது இந்த 'தாபாஜ்' பையன்கள்தான்.

அந்த எட்டு நிமிஷமும் ஃபேடர் கீழேயே இருந்தது. அடுத்த நிகழ்ச்சி நடத்தறவங்க தவிலுக்கு ரெண்டு மைக் கொண்டுவாங்க. ஸ்டாண்டும் ரெண்டு.