'வண்டி கிளம்பிருச்சு'

எனக்குக் குடி, சிகரெட் கிடையாது. ஞாயிறு பூசை தவறியதில்லை. தவக்காலம் நாற்பது நாளும் கறி, மீன் தொடமாட்டேன். சுக்கா வறுபடும் வாசனையோடு காரைக்குடித் தெருவில் நடந்து வீடு சேர்வது என்ன பாடு என்று இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். ஆக, நான் சுமாரான நல்ல கிறிஸ்தவன் என்றுதான் நினைத்திருந்தேன்.

என் வியாதி போனில் இருந்தது.

நமக்குத் தொழில் ஆத்தங்குடிக் கல், வீட்டுத் தரையில் பதிக்கிற பூவேலைக் கல். கண்ணாடிமேல் அச்சை வைத்து வண்ணக் கலவையை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, தொட்டித் தண்ணீரில் ஊறவைத்து, வெயிலில் காயவைக்க வேண்டும். சூளையே கிடையாது. அவசரப்படுத்த முடியாது. ஆனால் வாயை அவசரப்படுத்தலாம் இல்லையா? "வெள்ளிக்கிழமை வந்துரும் ஆச்சி." "இந்தா, வண்டி கிளம்பிருச்சுண்ணே." கிளம்பியிருக்காது. சில நாள் கல்லே தொட்டிக்குள்தான் கிடக்கும்.

போன வருஷம் தவக்காலத்தில், சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். "பலவீனத்தால் பல பாவங்கள் செய்தேன் சாமி" என்று வழக்கமான வரியைச் சொன்னேன். "எந்தப் பலவீனம்?" என்றார் சாமியார். இத்தனை வருஷத்தில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. திணறித் திணறி விஷயத்தைச் சொன்னேன். 'அருள் நிறைந்த மரியே' ஜெபத்தை மூன்று தடவை சொல்லச் சொல்வார் என்று பார்த்தால், "இப்போ யார் யாருக்குப் பொய்த் தேதி சொல்லியிருக்கீங்களோ, அவங்களுக்குப் போன் பண்ணி நிஜத் தேதியைச் சொல்லுங்க" என்றார். (சாமியார்தான் ரகசியம் காக்க வேண்டும், நான் சொல்லலாம்.)

ஜெபமாலை நாலு சொல்லியிருக்கலாம் போல இருந்தது.

போன் பண்ணினேன். ஒருவர் திட்டினார். ஒருவர் அட்வான்ஸைத் திருப்பி வாங்கிக்கொண்டார், அது வலித்தது. பள்ளத்தூர் ஆச்சி ஒருவர் மட்டும், "இதை முன்னாடியே சொல்லியிருந்தா கிரகப்பிரவேசத்தைத் தள்ளி வச்சிருப்பேனே தம்பி" என்றார். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. மழை, ஆள் வரவில்லை என்று நான் சொன்ன காரணங்களுக்கு அடியில் இருந்தது ஒன்றுதான்: வருகிற ஆர்டரை எதையும் விட மனசில்லாமல், செய்ய முடிந்ததற்கு மேல் அட்வான்ஸ் வாங்கியிருக்கிறேன். பேராசை என்று அதற்கு ஒரு பழைய பெயர் உண்டு.

நம் கூட்டங்களில் "நாமெல்லாம் பலவீனர்கள்" என்று சொல்லும்போது எல்லோரும் தலையாட்டுகிறோம். என் கருத்தில் அது பெரும்பாலும் ஒரு திரை. பலவீனத்துக்குப் பெயர் வைக்காதவரை அதனால் நமக்கு ஒரு தொந்தரவும் இல்லை. பவுலடியாரின் உடம்பில் தைத்த முள்ளை வேறு துணைக்குக் கூப்பிட்டுக்கொள்கிறோம். பைபிளில் அவர் கொரிந்தியருக்கு எழுதியதைச் சரியாகப் படித்தால், அந்த முள்ளை எடுத்துவிடும்படி மூன்று முறை வேண்டிக் கேட்டிருக்கிறார். அதற்கப்புறம்தான் 'என் அருள் உனக்குப் போதும்' என்ற பதில் வருகிறது. நாம் ஒரு முறைகூடக் கேட்காமல் நேரே பதிலை எடுத்து வைத்துக்கொள்கிறோம்.

பிப்ரவரியில் தேவகோட்டை வழியாக ஓரியூர் போய்வந்தேன். லிஸ்பனில் அரசரே இருக்கச் சொல்லியும் இருக்காமல் இந்த மறவர் சீமைக்குத் திரும்பி வந்து, 1693இல் அங்கே தலையைக் கொடுத்தவர் போர்ச்சுகல் நாட்டுச் சாமியார் அருளானந்தர். அந்தச் சிவப்பு மண்ணை நெற்றியில் பூசிக்கொண்டு நிற்கும்போது பையில் போன் அடித்தது. புதுச்சேரிப் பார்ட்டி. எடுக்கப் பயமாக இருந்தது. பத்துப் பெட்டிக் கல்லுக்கு இந்தப் பயம்.

திருந்திவிட்டேன் என்று எழுதவில்லை. போன வாரம்கூட ஒருவரிடம் "வெள்ளிக்கிழமை" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. பத்து நிமிஷம் கழித்து நானே கூப்பிட்டு, "அண்ணே, வெள்ளி இல்ல, அடுத்த புதன்தான்" என்றேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் கேட்டார்: "அந்தப் புதனாவது நெசமாப்பா?"