ஒரு கட்டுரை எழுத இரண்டு கட்டுரை வேண்டுமாம்

"இதற்கு முன் வெளியான உங்கள் கட்டுரைகளில் இரண்டை இணைத்து அனுப்பவும்." மூன்று ஆண்டுகளாகக் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு மாடி அறையில் இருந்துகொண்டு வெளிநாட்டு வீடியோ கேம் சஞ்சிகைகளுக்கு எழுத முயன்றுவரும் எனக்கு, இந்த ஒற்றை வரியைப் போல எரிச்சலூட்டிய வரி வேறில்லை. கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்பார்கள் அல்லவா, அந்தக் கதைதான் இது.

2023 ஜூலை மாதத் தொடக்கத்தில், 'வெண்பா' என்ற கேம் வெளிவர இன்னும் மூன்று வாரங்களுக்கு மேல் இருந்தபோது, ஓர் ஆங்கிலச் சஞ்சிகைக்கு அதைப் பற்றி ஒரு கட்டுரை முன்மொழிவை அனுப்பினேன். கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை அது. அழிந்தும் கிழிந்தும் போன அம்மாவின் சமையல் குறிப்புப் புத்தகத்தை வைத்துக்கொண்டு இட்லி அவிப்பதில் தொடங்கி ஒவ்வோர் உணவாகச் சமைத்துப் போக வேண்டும், பின்னணியில் வானொலி பாடிக்கொண்டிருக்கும். இட்லித் தட்டை எப்படி அடுக்க வேண்டும் என்பதை அம்மாவின் அடுப்படியில் பார்த்து வளர்ந்தவன், அந்தப் பாட்டுகள் எந்தக் காலத்துத் திரையிசையை நினைவூட்டுகின்றன என்பதைக் காதால் அறிந்தவன் எழுதினால் அந்தக் கட்டுரை வேறு மாதிரி இருக்கும் என்று, பணிவாகத்தான், விளக்கியிருந்தேன். பதில் வரவில்லை. ஒரு வாரம் கழித்து நினைவூட்டினேன், அதற்கும் இல்லை. ஓகஸ்ட்டில் அதே சஞ்சிகையில் வேறொருவரின் விமர்சனம் வந்தது. அதில் இட்லி ஒரு "சோற்று கேக்" ஆகவும், அந்தத் தாய் பேசும் மொழி "ஓர் இந்திய மொழி" ஆகவும் மட்டுமே இருந்தன. அடுத்த ஆண்டு 'வெண்பா' அறிமுக விளையாட்டுக்கான பிரித்தானியாவின் பாஃப்டா விருதை வென்றபோது நான் மகிழ்ந்தேன் என்பதும் உண்மை, அன்று இரவு பல்லைக் கடித்துக்கொண்டு படுத்தேன் என்பதும் உண்மை.

வேண்டாம் என்றால் வேண்டாம் என்று ஒரு வரி எழுத எவ்வளவு நேரம் ஆகும்? அந்த ஒரு வரி வந்தால் அதே யோசனையை வேறு இடத்துக்கு அனுப்பலாம். வராதவரை ஒரே நேரத்தில் இரண்டு இடங்களுக்கு அனுப்பக்கூடாது என்ற நாகரிகத்தைக் காத்துக்கொண்டு நாம் காத்திருக்க, கேம் வெளியாகி, ஆறிப்போய், பாதி விலைக்கும் வந்துவிடுகிறது.

சிலர் பதில் போடுவார்கள்: முழுக் கட்டுரையையும் முதலில் எழுதி அனுப்புங்கள், பிடித்தால் பார்ப்போம் என்று. விமர்சனம் எழுதுபவர்களுக்கு இலவசமாகத் தரும் பிரதியைக் கேட்டால் பெயர் பெற்றவர்களுக்கு மட்டும் என்பார்கள். சரி, சொந்தக் காசில் வாங்கலாம் என்றால், 'பால்டர்ஸ் கேட் 3' போன்ற ஒரு கேமுக்கு 150 ஜீபி இடம் வேண்டும். என் இணையப் பொதியில் பகலுக்கு ஒரு அளவு, இரவுக்கு ஒரு அளவு என்று பிரித்துத் தந்திருப்பதால், நான்கு நாட்கள் நள்ளிரவுக்கு மேல் விழித்திருந்து தரவிறக்கினேன். "கேம் விளையாடுறதுக்கு யார் தம்பி காசு தருவினம்?" என்று அம்மா கேட்கும்போது பதில் சொல்ல வாய் வருவதில்லை, ஏனென்றால் இதுவரை நான்தான் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

வெளியான கட்டுரை கையில் இருப்பவர்களின் பாடும் பெரிதாக இல்லை. 1991இல் தொடங்கிய 'கேம் இன்ஃபோர்மர்' சஞ்சிகையை 2024 ஓகஸ்டில் அதன் உரிமையாளரான கேம்ஸ்டொப் நிறுவனம் மூடியபோது, இணையதளத்தில் இருந்த பழைய கட்டுரைகளையும் சேர்த்தே எடுத்துவிட்டது. அடுத்த ஆண்டு புதிய உரிமையாளரின் கீழ் சஞ்சிகை திரும்பி வந்தது. ஆனால் இடையிலுள்ள மாதங்களில் அங்கே எழுதியவர்கள் எந்த இணைப்பை "மாதிரி" என்று அனுப்பியிருப்பார்கள்?

எனக்கும் ஒரு தடவை வாய்த்தது. ஒரு சிறிய சஞ்சிகை, 2022 மின்வெட்டுக் காலத்தில், நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் இல்லாதிருந்த அந்த நாட்களில், கொழும்பில் நாங்கள் எப்படிக் கேம் விளையாடினோம் என்று எழுதச் சொன்னது. (எங்கள் துன்பம் என்றால் மட்டும் உடனே பதில் வருகிறது என்பதையும் குறித்துவைக்கிறேன்.) 60 பவுண் சன்மானம், பேபால் வழியாக மட்டும். இலங்கையில் திறந்த பேபால் கணக்கால் அப்போது பணம் செலுத்தலாமே தவிரப் பெற முடியாது என்று விளக்கினேன். வங்கிக்கு நேரே அனுப்பினால் கட்டணம் கட்டுப்படியாகாது என்றார்கள். லண்டனில் உள்ள மாமாவின் கணக்கைக் கொடுத்தேன். ஒப்பந்தத்தில் உள்ள பெயரும் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்றார்கள். கட்டுரை வெளியாகி ஏழு மாதங்கள் ஆகின்றன, இன்வொய்ஸை நான்கு தடவை அனுப்பிவிட்டேன், மாமாவும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தொலைபேசியில் "வந்ததோ?" என்று என்னிடமே கேட்கிறார்.

போன கிழமை அந்தக் கட்டுரையை இணைத்து வேறொரு சஞ்சிகைக்கு எழுதினேன். அபூர்வமாக, அன்றே பதில் வந்தது: நன்றாக இருக்கிறது, இன்னொன்றையும் அனுப்புங்கள், நாங்கள் இரண்டு கேட்போம்.