மிளகாய்ச் செடியைப் பிடுங்கிப் போடாதீர்கள்

"காய்ச்சு முடிஞ்சிருச்சு. பிடுங்கிப் போட்டுட்டுப் புதுசா விதை போடப்போறேன்" என்று தோழி ஒருத்தி படம் அனுப்பியிருந்தாள். தொட்டியில் இரண்டடி உயர ஹாபனேரோ, கடுங்கார மிளகாய் ரகம். மேலே இலைகள் வெளிறி, நுனிக்கொம்புகள் காய்ந்து கிடந்தன. ஆனால் அடித்தண்டைப் பாருங்கள், கட்டைவிரல் தடிமன், பழுப்பேறி மரமாகவே ஆகியிருக்கிறது. உடனே கூப்பிட்டு, கை வைக்காதே என்றேன்.

மிளகாயை ஒரு போகத்துச் செடி என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். அது பல்லாண்டுச் செடி. உறைபனி இல்லாத இடத்தில், வேர் அழுகாமல் பார்த்துக்கொண்டால் மூன்று நான்கு வருடம் தாராளமாகக் காய்க்கும். இந்தத் தப்பெண்ணம் அதன் பெயரிலேயே இருக்கிறது. 1753-ல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் வைத்த 'கேப்சிகம் ஆனுவம்' என்ற பெயரில் ஆனுவம் என்றால் ஓராண்டுக்குரியது என்று பொருள். குளிர் வந்ததும் செடி மடிந்துபோகும் ஐரோப்பாவிலிருந்து பார்த்தவருக்கு அப்படித்தான் தோன்றியிருக்க வேண்டும். (ஹாபனேரோவின் இனப்பெயர் 'சைனென்ஸ்'. அமெரிக்கக் கண்டத்துச் செடிக்குச் சீனத்தின் பெயர்! மிளகாய்க்குப் பெயர் வைத்தவர்கள் ஏனோ தடுமாறியிருக்கிறார்கள்.)

கடுங்கார ரகங்களில் இது இன்னும் முக்கியம். சாதாரண மிளகாய் விதை ஒரு வாரம் பத்து நாளில் முளைத்துவிடும். ஹாபனேரோ, பூத் ஜொலோகியா, கரோலினா ரீப்பர் எல்லாம் அப்படி அல்ல. மண் 25 முதல் 30 டிகிரி வெதுவெதுப்பாக இருந்தாலும் இரண்டு மூன்று வாரம் பிடிக்கும், சில விதைகள் ஒரு மாதமும் தாண்டும். பத்தாம் நாளே விதை சொத்தை என்று தட்டைக் கவிழ்த்துவிடுகிறவர்கள் நிறைய. அதற்குப் பிறகு நாற்று தேறி, பிடுங்கி நட்டு, முதல் பழம் நிறம் மாறிக் கைக்கு வர நான்கு ஐந்து மாதமாவது ஆகும். இவ்வளவு காத்திருந்து வளர்த்ததை ஒரே காய்ப்போடு தூக்கிப் போட எப்படி மனசு வருகிறது? வேர் ஏற்கெனவே ஊன்றிய செடி அடுத்த சுற்றில் புது நாற்றைவிட வெகு சீக்கிரம் பூத்துவிடும்.

என்னிடம் இருக்கும் செடிக்கு இது மூன்றாவது வருடம். போன முறை காய்ப்பு ஓய்ந்ததும் கவாத்து செய்தேன். முதல் பூ வந்த இடத்தில் தண்டு கவட்டையாகப் பிரியும் இல்லையா, அதற்கு மேலே ஒவ்வொரு கிளையிலும் இரண்டு கணு விட்டு, கூரான கத்தரியால் சாய்வாக வெட்டினேன். இலை ஒன்றுகூட மிச்சமில்லை, வெறும் குச்சி. பன்னிரண்டு நாள் எதுவும் தெரியவில்லை. நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்த்தேன், பட்டைக்கு அடியில் பச்சை இருந்தது, சரி உயிர் இருக்கிறது என்று விட்டுவிட்டேன். பதினைந்தாம் நாள் காலையில் ஒரு கணுவின் இடுக்கில் கடுகளவு ஊதாக் கலந்த பச்சையில் ஒரு முளை. அந்த வாரத்துக்குள் எல்லாக் கணுவும் வெடித்துவிட்டது. செடி வளர்ப்பில் எனக்கு இதைவிடச் சந்தோஷமான காலை வேறு இல்லை.

பூ உதிர்கிறது என்று பிடுங்குகிறவர்களும் உண்டு. நானும் முதல் செடியை அப்படித்தான் இழந்தேன், இன்னும் வருத்தம் போகவில்லை. பகலில் 35 டிகிரிக்கு மேல் போனாலோ, இரவிலும் புழுக்கம் குறையாவிட்டாலோ மிளகாய் பூவை உதிர்க்கும். அது நோய் இல்லை. வெயில் தணிந்ததும் தானாகப் பிடிக்கும். அதுவரை மதிய வெயிலுக்கு நிழல்வலை போதும். பூ உதிர்வதைப் பார்த்துப் பயந்து தழைச்சத்து உரத்தை அள்ளிப் போடுவதுதான் பெரிய தவறு, செடி இலையாகத் தள்ளுமே தவிரப் பிஞ்சு வைக்காது. தண்ணீரும் அப்படித்தான். மேல்மண்ணில் விரலை விட்டுப் பார்த்து, ஒரு அங்குலம் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள்.

அடுத்தது இலைச்சுருட்டு. இதில் அவசரப்படாமல் இலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். ஓரங்கள் மேல்நோக்கிச் சுருண்டிருந்தால் பெரும்பாலும் இலைப்பேன். கவிழ்த்த ஓடம்போலக் கீழ்நோக்கி வளைந்து, காம்பு நீண்டிருந்தால் சிலந்திப்பேன், அது கண்ணுக்கே தெரியாது. இரண்டும் சரிசெய்யக் கூடியவை. இலைப்பேனுக்கு வேப்பெண்ணெய்க் கரைசலை மாலையில் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளித்து, வாரம் ஒரு முறை தொடர்ந்தால் கட்டுப்படும். சிலந்திப்பேனுக்கு நனையும் கந்தகத்தூள் நன்றாகக் கேட்கும். ஆனால் எண்ணெய் தெளித்து இரண்டு வாரமாவது ஆகாமல் கந்தகம் தெளிக்காதீர்கள், இலை கருகிவிடும். வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் வேறு கதை. புதுத் துளிர் எல்லாம் சிறுத்து, நரம்பு தடித்து, செடி குட்டையாக நின்றுவிடும். அதற்கு மருந்து இல்லை. அந்தச் செடியை மட்டும், பக்கத்துச் செடிகளுக்காகவாவது, அன்றைக்கே பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். நான் பிடுங்கச் சொல்லும் ஒரே இடம் இதுதான்.

உலகிலேயே காரமான ரகம் எது என்ற ஓட்டத்தில் எனக்கு ஈடுபாடு இல்லை. 2023-ல் கின்னஸ் அறிவித்த பெப்பர் எக்ஸ் ரகத்தின் சராசரி 26,93,000 ஸ்கோவில் (காரத்தை அளக்கும் அலகு). ஹாபனேரோ ஒன்று முதல் மூன்றரை லட்சம்தான், ஒரு வீட்டுக்கு அதுவே அதிகம். ரகம் ரகமாகப் பத்து நாற்று வாங்கி வருடத்துக்குள் பத்தையும் இழப்பதைவிட, பிடித்த ஒன்றை நான்கு வருடம் வைத்திருப்பது மேல் என்பது என் கட்சி. பழத்தை நறுக்கும்போது கையுறை அவசியம். காரம் விதையில் இல்லை, விதை ஒட்டிக்கொண்டிருக்கும் வெள்ளைச் சதையில்தான் உருவாகிறது. கையில் பட்டால் வெறும் தண்ணீரில் போகாது, முதலில் எண்ணெய் தேய்த்துத் துடைத்து, பிறகு சோப்புப் போடுங்கள்.

தோழி இன்று காலை வெட்டிவிட்டாள். பயமாக இருக்கிறது, தினமும் தண்ணீர் ஊற்றட்டுமா என்று கேட்டாள். இலை இல்லாத செடி அவ்வளவு குடிக்காது, மண் காய்ந்தால் மட்டும் ஒரு குவளை ஊற்று, துளிர் வரும்வரை உரம் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். இரண்டு வாரம் கழித்துப் படம் கேட்டிருக்கிறேன்.