பால் குடிக்கிற பிள்ளை யார்?

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், அவரவர் அனுபவத்தைச் சொல்லும் சாட்சி நேரத்தில் நடந்தது நம் சபையார் எல்லோருக்கும் தெரியும். களியக்காவிளை, பாறசாலை வரைக்கும் பேச்சு போய், நாலு பேர் எனக்கு போன் பண்ணிவிட்டார்கள். புருஷனை அடக்கம் செய்து நான்கு மாதமே ஆன அக்கா, "எனக்கு இன்னும் ஜெபிக்க வரமாட்டேங்கு" என்றார். அதற்கு ஒருவர் மைக்கைப் பிடித்து, விசுவாசத்தில் வளராதவர்களைப் பால் குடிக்கிற குழந்தைகள் என்கிற எபிரெயர் 5-ஐ வாசித்து, "இருபது வருஷமாகியும் பால் குடிக்கிற பிள்ளை" என்று சொல்லத்தான் வேண்டுமா?

பவுலும் இதே பாலைப் பற்றி 1 கொரிந்தியர் 3-ல் எழுதுகிறார். முதல் அதிகாரத்தில் கொரிந்து சபையாரிடம், உங்களுக்கு ஒரு வரத்திலும் குறைவில்லை என்றவர், மூன்றாம் அதிகாரத்தில் அவர்களையே குழந்தைகள் என்கிறார். ஏன்? யாரோ துக்கத்தில் ஜெபிக்க முடியாமல் நின்றதாலா? பொறாமை, வாக்குவாதம், கட்சி பிரிந்தது, இவைதான் அங்கே காரணம். பக்கத்தில் இருப்பவரை நடத்துகிற விதத்தில்தான் முதிர்ச்சி தெரியும். சபைக்கு வந்த வருஷக் கணக்கில் இல்லை.

என் அப்பா அருமனைப் பக்கம் ரப்பர் பால் வெட்டியவர். ஒரே நாளில் நட்ட தைகள் ஒரே நாளில் வெட்டுக்கு வராது. ஏழு வருஷம் ஆனாலும், நாலடி உயரத்தில் நாடாவைச் சுற்றி 50 சென்டிமீட்டர் வந்ததா என்று பார்ப்பார். வராத மரத்தில் கத்தி வைக்க மாட்டார். "இது இன்னும் ஒரு வருஷம் நிக்கட்டும் மக்களே, இப்ப வெட்டினா வளராது" என்பார். மெலிந்த மரத்தின் மூட்டில்தான் கூடுதல் உரம் விழும்.

"அப்படியானால் வளர வேண்டாமா?" என்பீர்கள். வேண்டாம் என்று யார் சொன்னது? 2 பேதுரு 1-ல் விசுவாசத்தில் தொடங்குகிற வரிசை அன்பில் போய் நிற்கிறது.

"சபை விஷயத்தை முகநூலில் எழுதலாமா? மத்தேயு 18 என்ன சொல்கிறது?" தனியே போய்ப் பேசு என்கிறது. அக்காவிடம் யார் தனியே போய்ப் பேசினார்கள்? நான் திங்கட்கிழமை சாயங்காலம், மைக்கைப் பிடித்தவர் வீட்டுக்கே போய்ப் பேசினேன். "நீ சின்னப் பிள்ளை, உனக்குப் புரியாது" என்றார். எனக்கு 41 வயது.

வருஷக் கணக்கு பார்ப்பவர்களுக்கு ஒன்று. பக்கத்து நட்டாலத்தில் பிறந்த இரத்தசாட்சி தேவசகாயம் 1745-ல் ஞானஸ்நானம் பெற்றார். 1752 ஜனவரியில் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். இடையில் ஏழு வருஷம்கூட முழுசாக இல்லை. அவர் கத்தோலிக்கர், நமக்கென்ன என்று வருவீர்கள். அதற்குப் பதில் சொல்ல இன்று எனக்குத் தெம்பில்லை.

அப்பா இறந்தபோது என் அம்மாவையும், வேறொரு சபையில், இதே வார்த்தையால்தான் வெட்டினார்கள். பாடகர் குழுவில் முன்னால் நின்றவர், அதன்பிறகு கடைசி பெஞ்சுக்குப் போனார். பதினோரு வருஷம். ஓர் ஆராதனையும் தவறவில்லை, ஒரு பாட்டுக்கும் வாய் திறக்கவில்லை. வீட்டில் மரச்சீனிக் கிழங்கு தோல் உரிக்கும்போது மட்டும் பாட்டை முணுமுணுப்பார். நான் போனால் நிறுத்திவிடுவார் என்று அடுக்களை வாசலிலேயே நின்று கேட்டிருக்கிறேன்.

அக்கா, இதைப் படித்தால் ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். ஜெபிக்க வேண்டாம், பாட வேண்டாம். இரண்டாம் பெஞ்சில் என் பக்கத்தில் இடம் பிடித்து வைக்கிறேன்.